காணாமையும் இல்லாமையும்: விந்தணுவைத் தேடும் கணினிப் பார்வை

மருத்துவ ஆய்வுக்கூட அறிக்கையில் 'விந்தணு இல்லை' என்னும் இரு சொற்கள் ஒரு குடும்பத்தின் வருங்காலத்தையே தீர்மானித்துவிடக்கூடியவை. குழந்தைப் பேற்றுக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்த தம்பதியர்க்கு அவை முடிவுரையாக அமைகின்றன. பாலியல் வன்முறை வழக்கொன்றின் தடய அறிவியல் அறிக்கையில் அதே சொற்கள் இடம்பெறுமாயின், முறையிட்ட பெண்ணின் வாய்மொழியே ஐயத்துக்கு உள்ளாகிறது. ஆனால் அவ்வறிக்கையை எழுதியவர் உண்மையில் அறிந்தது என்ன? தாம் பார்த்த இடத்தில், பார்த்த நேரத்தில், தமது கண்ணுக்கு ஒன்றும் தென்படவில்லை என்பது மட்டுமே. காணாமை இல்லாமைக்குச் சான்றாகாது என்பது தர்க்கவியலாரும் உஸூல் அறிஞர்களும் நெடுங்காலமாக வலியுறுத்தி வந்த விதி. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவை அளக்கவும் குறைக்கவும் மேற்கொள்ளப்படும் முயற்சியே, நுண்ணோக்கிப் படங்களைக் கணினியால் ஆராயும் துறை. அது வளர்ந்த விதம், இயங்கும் முறை, அதன் எல்லைகள் ஆகியன ஈண்டு நோக்கப்படுகின்றன.

கண்டதும் அறிந்ததும்

ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் அண்டன் வான் லேவன்ஹூக், 1677 ஆம் ஆண்டில் தாமே தேய்த்துச் செய்த வில்லையின் வழியாக மனித விந்தணுவைக் கண்டார். மருத்துவ மாணவர் யோஹான் ஹாம் கொண்டுவந்த மாதிரியே அவரது கவனத்தை இதன்பால் திருப்பியது. தாம் கண்டதை அவர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். வாலை அசைத்து நீந்தும் அச்சிற்றுயிர்கள் எவை, அவற்றின் பணி யாது என்பது எவருக்கும் விளங்கவில்லை. விந்தணுவின் தலைக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் சிறு மனித உருவொன்றை 1694 இல் ஹார்ட்சூக்கர் வரைந்து வெளியிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலியரான ஸ்பல்லன்சானி, தவளையின் விந்தை வடிகட்டினால் வடிந்த நீர் கருவூட்டும் திறனை இழக்கிறது எனச் சோதித்தறிந்தார். அவ்வாறிருந்தும் அத்திறன் விந்தணுக்களுக்கே உரியது என்னும் முடிவுக்கு அவர் வரவில்லை. கடல் முள்ளெலியின் சினைமுட்டையில் விந்தணுவின் உட்கருவும் முட்டையின் உட்கருவும் ஒன்றாக இணைவதை ஒஸ்கார் ஹெர்ட்விக் 1876 இல் விளக்கிய பின்னரே உண்மை துலங்கியது. கண்டதற்கும் அறிந்ததற்கும் இடையே இரு நூற்றாண்டுகள் கழிந்தன.

இவ்விடைவெளியின் இயல்பை பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் பதினோராம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்திருந்தார். ஒளியியல் பற்றிய தமது 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில், ஒளியும் நிறமும் கண்ணை வந்தடைதல் வேறு, வந்ததை இன்ன பொருள் என அறிதல் வேறு என அவர் பிரித்துக் காட்டினார். பின்னது, நினைவில் உள்ள வடிவங்களோடு ஒப்பிட்டு உள்ளம் செய்யும் தீர்ப்பு. இன்று கணினிக்குக் கற்பிக்க முயல்வது இந்தப் பின்னதையே. படம் பிடித்தல் எளிது. படத்திலுள்ள பொட்டுகளுள் எது விந்தணு எனத் தீர்ப்பளித்தலே கடினம்.

மனிதக் கண்ணின் கணக்கு

மனித விந்தணுவின் தலை ஏறத்தாழ 4 முதல் 5 மைக்ரோமீட்டர் நீளமும் 3 மைக்ரோமீட்டர் அகலமும் உடையது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரோமீட்டர். தலையைப் போலப் பத்து மடங்கு நீளமுள்ள மெல்லிய வால் அதனைச் செலுத்துகிறது. இதனை எண்ணுவதற்கான நெறிமுறைகளை உலக சுகாதார நிறுவனம் 1980 இல் முதன்முதலாக நூல் வடிவில் வெளியிட்டது. அதன் ஆறாம் பதிப்பு 2021 இல் வந்தது. ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள் என்பதை அப்பதிப்பு கீழ்நிலை வரம்பாகக் குறிக்கிறது. 1999 ஆம் ஆண்டுப் பதிப்பில் இது 2 கோடியாகவும், 2010 ஆம் ஆண்டுப் பதிப்பில் 1.5 கோடியாகவும் இருந்தது. ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை ஆராய்ந்து, அவர்களுள் மிகக் குறைந்த எண்ணிக்கை உடைய நூற்றுக்கு ஐவரைப் பிரிக்கும் கோடாகவே பிந்திய இரு பதிப்புகளும் இவ்வெண்ணை வகுத்தன. எனவே வரம்புக்குக் கீழே இருப்பது மலட்டுத்தன்மை ஆகாது. மேலே இருப்பது உத்தரவாதமும் ஆகாது.

எண்ணிக்கையில் இயல்பாகவே பிழை உண்டு. 100 விந்தணுக்களை எண்ணினால் சுமார் 10 விழுக்காடும், 400 எண்ணினால் சுமார் 5 விழுக்காடும் தற்செயலால் மட்டுமே ஏற்றத்தாழ்வு நேரும். இதன் பொருட்டே இருமுறை, முறைக்கு 200 வீதம் எண்ணுமாறு நெறிமுறை பணிக்கிறது. எண்ணுபவரின் களைப்பும், ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் வேறுபடும் பழக்கமும் இதற்கு மேற்பட்டவை.

விந்தணு மிக அரிதாக உள்ள மாதிரியில் நிலைமை முற்றிலும் வேறு. ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். 2 மில்லிலிட்டர் விந்தில் மொத்தமே 10 விந்தணுக்கள் உள்ளன எனக் கொள்க. அதிலிருந்து 10 மைக்ரோலிட்டர் கொண்ட ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் இட்டுப் பார்த்தால், பார்க்கப்படுவது மாதிரியில் 200 இல் ஒரு பங்கு. அத்துளியில் ஒரு விந்தணுவேனும் அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தே. எஞ்சிய 95 முறையும் நேர்மையான, திறன்மிக்க பணியாளரும் 'இல்லை' என்றே எழுத நேரும். அத்துளியை முழுமையாகப் பார்ப்பதும் எளிதன்று. 22 மில்லிமீட்டர் சதுர மூடு கண்ணாடியின் கீழ்ப் பரவிய துளியை, 400 மடங்கு உருப்பெருக்கத்தில் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம் வட்டமாகப் பார்த்து முடிக்க ஏறத்தாழ 2,400 வட்டங்கள் தேவை. வட்டத்துக்கு 2 விநாடி வீதம் இமைக்காது பார்த்தாலும் 80 நிமிடங்கள் ஆகும். மாதிரியை வேகமாகச் சுழற்றிப் படியும் வண்டலில் தேடுவது இவ்விடரைக் குறைக்கிறதேயன்றி நீக்குவதில்லை.

பொறி காணும் விதம்

கணினிக்கு வந்து சேரும் படம், பிக்ஸல் எனப்படும் படப்புள்ளிகளின் கட்டமாகும். ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் ஒளிச்செறிவைக் குறிக்கும் ஓர் எண் உண்டு. கருமைக்கு 0, வெண்மைக்கு 255 என்பது வழக்கம். ஒரு புள்ளி கால் மைக்ரோமீட்டருக்குச் சமமாயின், விந்தணுவின் தலை 18 புள்ளி நீளமும் 12 புள்ளி அகலமும் உடைய நீள்வட்டமாக, சுமார் 170 புள்ளிகளில் அடங்கும். 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்ட முழுப் படத்திலோ 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. பன்னீராயிரத்தில் ஒரு பங்கைத் தேடுவதே பொறியின் பணி.

முந்தைய தலைமுறைப் பொறிகள் இப்பணியை விதிகளால் செய்தன. முதலில் விளக்கொளியின் சீரின்மை திருத்தப்படும். அடுத்து, இன்ன எண்ணுக்கு மேற்பட்டவை பொருள், கீழ்ப்பட்டவை பின்னணி என ஒரு பிரிகோடு வகுக்கப்படும். அக்கோட்டைப் படத்திலிருந்தே கணித்தெடுக்கும் முறையொன்றை ஜப்பானிய அறிஞர் நொபுயுகி ஒட்சு 1979 இல் வெளியிட்டார். அது இன்றளவும் பயன்படுகிறது. பின்னர் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் புள்ளிகள் ஒரே பொருளாகத் திரட்டப்பட்டு, அப்பொருளின் பரப்பும் நீள அகலங்களும் அளக்கப்படும். அளவு விந்தணுத் தலைக்கு ஒத்திருந்தால் அது கணக்கில் சேரும்.

அசைவை அளக்க, விநாடிக்கு 50 அல்லது 60 படங்கள் எடுக்கப்படுகின்றன. ஒரு படத்தில் உள்ள தலை அடுத்த படத்தில் எங்கே நகர்ந்தது எனத் தொடர்ந்து இணைத்தால் அதன் பாதை கிடைக்கும். வளைந்து சென்ற பாதையின் வேகமும், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட நேர்கோட்டின் வேகமும் தனித்தனியே கணிக்கப்படும். விநாடிக்கு 25 மைக்ரோமீட்டரோ அதற்கு மேலோ முன்னேறுவதை விரைவு அசைவு என ஆறாம் பதிப்பு வகைப்படுத்துகிறது. கணினித் துணையுடனான இத்தகைய பகுப்பாய்வுக் கருவிகள் 1980களில் விற்பனைக்கு வந்தன.

இவற்றின் குறைபாடும் விரைவிலேயே புலனாயிற்று. விந்தில் வெள்ளணுக்களும் முதிராத உருண்டை உயிரணுக்களும் சிதைந்த துகள்களும் கலந்துள்ளன. தலையளவே உள்ள துகளைப் பொறி விந்தணு என எண்ணிவிடும். நீரோட்டத்தில் மிதந்து செல்லும் துகள் நீந்துவதாகத் தோன்றும். இரு விந்தணுக்களின் பாதைகள் குறுக்கிடும்போது ஒன்றின் பாதை மற்றதன் கணக்கில் சேரும். எனவே அசைவை அளப்பதற்கு, மாதிரியின் செறிவு மில்லிலிட்டருக்கு 20 இலட்சம் முதல் 5 கோடி வரை இருத்தல் வேண்டும் என 2010 ஆம் ஆண்டுப் பதிப்பு வரையறுத்தது. விந்தணு அரிதாக உள்ள இடத்தில் துகள்கள் அதனைவிடப் பன்மடங்கு மிகுந்திருக்கும். ஆகவே எங்கே உதவி மிகவும் தேவைப்பட்டதோ, அங்கேயே பழைய பொறி மிகுதியாகத் தடுமாறியது.

கற்கும் பொறியும் கற்பிப்போரின் கருத்து வேறுபாடும்

2012 ஆம் ஆண்டுக்குப் பின் பரவிய ஆழ்கற்றல் முறையில் விதிகளை மனிதர் எழுதுவதில்லை. வல்லுநர் அடையாளமிட்ட ஆயிரக்கணக்கான படங்கள் செயற்கை நரம்பு வலையமைப்புக்குக் காட்டப்படுகின்றன. அது தவறிழைக்கும்தோறும் அதனுள் இருக்கும் எண்கள் சிறிது சிறிதாகத் திருத்தப்படுகின்றன. விளிம்பு, வளைவு, தலையும் வாலும் சேரும் விதம் ஆகிய அடையாளங்களை வலையமைப்பு தானே வகுத்துக்கொள்கிறது. உயிரியல் படங்களில் ஒவ்வொரு புள்ளியும் எப்பொருளுக்கு உரியது எனப் பிரிக்கும் 'யு-நெட்' என்னும் அமைப்பு ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் 2015 இல் உருவானது.

பொறி கற்பது மனிதர் இட்ட அடையாளங்களிலிருந்து என்பதால், மனிதரின் கருத்து வேறுபாடும் அதனுள் புகுகிறது. ஈரானின் இஸ்ஃபஹானில் தொகுக்கப்பட்டு 2017 இல் வெளியான 216 விந்தணுத் தலைகளின் படத்தொகுப்பும், சிலி நாட்டில் தொகுக்கப்பட்டு அதே ஆண்டில் வெளியான 1,854 படங்களின் தொகுப்பும் இத்துறையில் பெரிதும் பயன்படுகின்றன. டொரொண்டோ ஆய்வாளர்கள் 2019 இல் ஒரே முறையை இரண்டிலும் சோதித்தபோது முதலாவதில் சுமார் 94 விழுக்காடும், இரண்டாவதில் சுமார் 62 விழுக்காடும் சரியான விடை கிடைத்தது. இரண்டாவது தொகுப்பில், அடையாளமிட்ட மூன்று வல்லுநரும் ஒருமித்த தீர்ப்பு வழங்கிய படங்கள் சிறுபான்மையே. ஒரு தலையை 'இயல்பானது' எனவும் 'உருச்சிதைந்தது' எனவும் வல்லுநரே வேறுபட்டுக் கூறும்போது, பொறி எவர் கூற்றைப் பின்பற்றும்? '94 விழுக்காடு துல்லியம்' என்னும் விளம்பரத்தை வாசிப்போர், எந்தப் படங்களில், எவருடைய தீர்ப்போடு ஒப்பிட்டு என்னும் வினாவை எழுப்புதல் வேண்டும்.

எண்ணுதலிலிருந்து தேடுதலுக்கு

1992 இல் பிரஸ்ஸல்ஸ் நகரிலிருந்து ஜான்பியெரோ பலெர்மோ குழுவினர் வெளியிட்ட ஒரு சாதனை இத்துறையின் வினாவையே மாற்றியது. ஒற்றை விந்தணுவை மெல்லிய ஊசியால் சினைமுட்டைக்குள் நேரடியாகச் செலுத்திக் கருவுறச் செய்யும் முறை அது. அதுவரை கோடிகளில் பேசப்பட்ட தேவை, முட்டைக்கு ஒன்று என்றாயிற்று. ஆண்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரது விந்தில் விந்தணு காணப்படுவதில்லை எனக் கணிக்கப்படுகிறது. அவர்களுக்கு 'எத்தனை உள்ளன?' என்பதைவிட 'ஒன்றேனும் உள்ளதா?' என்பதே உயிர்நாடியான கேள்வி.

அரிதானதைத் தேடும்போது ஒரு கணக்கை மனத்தில் இருத்துதல் அவசியம். பத்தாயிரம் பொட்டுகளுள் ஒன்றே விந்தணு எனக் கொள்க. பொறி, விந்தணுவை நூற்றுக்கு 99 முறை சரியாக இனங்காணும். துகளையும் நூற்றுக்கு 99 முறை சரியாக ஒதுக்கும். இத்துணை சிறந்த பொறியும் அந்த ஒரு விந்தணுவோடு ஏறத்தாழ 100 துகள்களையும் சேர்த்து 'விந்தணு' எனக் காட்டும். அது சுட்டும் நூற்றொன்றில் ஒன்றே உண்மை! எனினும் இதனால் பொறி பயனற்றதாகிவிடாது. பத்தாயிரத்தைப் பார்க்க வேண்டியிருந்த வல்லுநர் நூற்றொன்றை மட்டும் பார்த்தால் போதும். ஐயத்துக்குரியவற்றைத் திரட்டித் தரும் சல்லடையாகப் பொறியும், தீர்ப்பளிப்பவராக மனிதரும் அமைவதே முறை. சல்லடையின் கண்ணைப் பெரிதாக்கினால் விந்தணு நழுவும்; சிறிதாக்கினால் துகள் குவியும். எதனை எவ்வளவு பொறுத்துக்கொள்வது என்பதைத் தீர்மானிப்பவர் மனிதரே.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் கருவள மையத்தார் ஸெவ் வில்லியம்ஸ் தலைமையில் உருவாக்கிய 'ஸ்டார்' என்னும் அமைப்பு 2025 இல் உலகின் கவனத்தை ஈர்த்தது. விந்து மயிரிழை போன்ற நுண்குழாய்களில் ஓடுகிறது. அதிவேகக் கேமரா இலட்சக்கணக்கான படங்களை எடுக்கிறது. வலையமைப்பு விந்தணுவைச் சுட்டியதும் அதைத் தாங்கிய சிறு நீர்ப்பகுதி தனியே பிரிக்கப்படுகிறது. தேர்ந்த பணியாளர் இரண்டு நாட்கள் தேடியும் ஒன்றும் கிட்டாத மாதிரியில் ஒரு மணி நேரத்தில் 44 விந்தணுக்கள் கண்டறியப்பட்டதாக அம்மையத்தார் தெரிவித்தனர். 18 ஆண்டுகளுக்கும் மேலாகக் குழந்தையின்றி இருந்த ஒரு தம்பதியர் இம்முறையால் கருவுற்ற செய்தியும் வெளியாயிற்று. இவை தனி நிகழ்வுகள். எத்தனை பேருக்கு இது பயன்தரும் என்பதை விரிவான ஆய்வுகளே காட்ட வேண்டும். ஆயினும், காணாமை இல்லாமை ஆகாது என்னும் விதிக்கு இதனினும் தெளிவான உரை வேண்டுவதில்லை.

தடயத்தில் தேடுதல்

தடய அறிவியலில் இதே தேடல் வேறொரு வடிவம் பெறுகிறது. வன்முறைக்குள்ளான பெண்ணிடமிருந்து எடுக்கப்படும் மாதிரியில் அவருடைய தோலணுக்கள் பெரும்பான்மையாகவும் விந்தணுக்கள் மிகச் சிலவாகவும் இருக்கும். உலர்ந்து சாயமேற்றப்பட்ட தகட்டில் அசைவு என்னும் அடையாளமும் இல்லை. வால் பெரும்பாலும் அற்றுப் போய்த் தலை மட்டுமே எஞ்சும். தலையைச் சிவப்பாகவும் வாலைப் பச்சையாகவும் காட்டும் இரட்டைச் சாயம் இதற்குப் பயன்படுகிறது. தோலணுக்களை முதலில் கரைத்து நீக்கி, விந்தணுவின் மரபுப் பொருளைப் பிரித்தெடுக்கும் முறையைப் பீட்டர் கில், அலெக் ஜெஃப்ரிஸ், டேவிட் வெரெட் ஆகியோர் 1985 இல் வெளியிட்டனர். தகட்டைத் தானே நகர்த்திப் படமெடுத்து, ஐயத்துக்குரிய இடங்களை வரிசைப்படுத்தித் தரும் பொறிகள், நிலுவையில் தேங்கும் மாதிரிகளைக் குறைக்கத் துணைபுரியக்கூடியவை.

இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. எத்துணை நுட்பமான பொறியும் விந்தணுவைக் காணாதிருத்தல், குற்றம் நிகழவில்லை என்பதற்குச் சான்றாகாது. காலம் கடந்து மாதிரி எடுக்கப்பட்டிருக்கலாம், உறை பயன்பட்டிருக்கலாம், குற்றவாளி கருத்தடை அறுவை செய்துகொண்டவராக இருக்கலாம். பொறி பேசுவது தகட்டைப் பற்றி மட்டுமே, நிகழ்வைப் பற்றியன்று.

நஸப் என்னும் பொறுப்பு

முஸ்லிம் தம்பதியர்க்கு இத்தேடலில் தனித்ததொரு கனம் உண்டு. எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைக் ஜாதுல் ஹக் 1980 இல் வழங்கிய ஃபத்வா, திருமண பந்தத்துள் கணவனின் விந்தையும் மனைவியின் சினைமுட்டையையும் கொண்டு செய்யப்படும் கருவூட்டலை அனுமதித்து, மூன்றாமவரின் பங்கை விலக்கியது. 1986 இல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாதமியின் தீர்மானமும் இதே அடிப்படையில் அமைந்தது. ஷீஆ அறிஞரிடையே இதில் வேறுபட்ட கருத்துகளும் உண்டு. பெரும்பான்மைக் கருத்தைப் பின்பற்றும் தம்பதியர்க்கு வேறொருவரின் விந்தைப் பெறும் வழி அடைபட்டிருப்பதால், கணவனுடைய ஒற்றை விந்தணுவைக் கண்டெடுத்தல் என்பதே பிள்ளைப்பேற்றின் வாயிலாகிறது. கிடைத்தது அவருடையதே என்னும் உறுதி, அதாவது மாதிரிகள் மாறிவிடாத ஒழுங்கு, பொறியின் துல்லியத்துக்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடையது. நஸப் என்னும் வம்சத் தூய்மையைக் காப்பது இங்கு பெயர்ச்சீட்டு ஒட்டும் பணியாளரின் கையிலும் தங்கியுள்ளது.

இன்னொன்றும் கருதத்தக்கது. பிள்ளைப்பேறின்மையில் ஏறத்தாழ பாதி அளவில் ஆணின் பங்கும் உண்டு என்பது மருத்துவம் அறிந்த செய்தி. அவ்வாறிருந்தும் நம் சமூகத்தில் சோதனைக்கும் பழிக்கும் முதலில் ஆளாகுபவள் மனைவியே. ஆணின் சோதனை எளியது, செலவு குறைந்தது. அதனைத் தொடக்கத்திலேயே செய்துகொள்வது நீதியின்பாற்பட்டது.

அறிக்கையை வாசித்தல்

ஒற்றைச் சோதனையைக் கொண்டு முடிவு கட்டலாகாது. விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆவதால், இடையில் வந்த கடுங்காய்ச்சலும் எண்ணிக்கையைத் தாழ்த்தும். சில வாரங்கள் கழித்து, 2 முதல் 7 நாட்கள் இடைவெளி பேணி, மறு மாதிரி தருதல் வேண்டும். வண்டலில் தேடினார்களா, எவ்வளவு அளவு பார்க்கப்பட்டது, கணினி பயன்பட்டிருப்பின் அது சுட்டியவற்றை வல்லுநர் சரிபார்த்தாரா ஆகியவற்றை மருத்துவரிடம் வினவுதல் நோயாளியின் உரிமை. ஆய்வுக்கூடங்களும் 'இல்லை' என எழுதுவதற்கு மாறாக, 'இவ்வளவு அளவில், இம்முறையில் தேடியதில் காணப்படவில்லை' என எழுதுமாயின், அறிவுக்கும் நேர்மைக்கும் ஒருங்கே பொருந்தும். அந்த ஒரு வரியின் வேறுபாட்டில், மேலும் தேடலாமா என்னும் முடிவைத் தம்பதியரே எடுக்கும் வாய்ப்பு அடங்கியிருக்கிறது.